மூன்று அங்குலம் வாட்டம்

என் அக்காவின் கணவரை வெளியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ரசமட்டம் என்றுதான் சொல்வார்கள். தளம் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் ஒரு கட்டை வைத்திருப்பார்களே, கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடிக்கொண்டிருக்கும், அதுதான் ரசமட்டம். குமிழி நடுவில் நின்றால் மட்டம், ஓரத்துக்கு ஓடினால் கோணல். அத்தான் இருபத்தாறு வருடமாக டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள், இவர் விரல் நீளத்தில் ஒரு குட்டி ரசமட்டம் வைத்திருப்பார்.

வேலை செய்கிற இடத்தில் வைத்துக்கொள்ளட்டும், யார் வேண்டாம் என்றது? வீட்டுக்குள்ளும் அதே பையோடுதான் நுழைவார். கொடியில் அக்கா துண்டு காயப்போட்டால், இரண்டு முனையும் சமமாகத் தொங்கும்படி இழுத்துவிடுவார். வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டால் குனிந்து வரிசைப்படுத்துவார். அக்கா தட்டை வைத்தால், அதன் விளிம்பில் இருக்கும் பூ தனக்கு நேராக வரும்வரை தட்டைத் திருப்பிவிட்டுத்தான் முதல் வாய். நான் மாடி அறைக்குக் குடிவந்த அன்று, என் புத்தக அலமாரியின் ஒரு காலுக்குக் கீழே அட்டையை மடித்துச் செருகிவிட்டுப் போனார். வந்த கோபத்தில் அந்த அட்டையை எடுத்து வீசினேன். மறுநாள் வேறு அட்டை இருந்தது.

கெட்ட மனுஷன் என்று சொல்லிவிட முடியாது. குரலை உயர்த்த மாட்டார், ஒரு குறை சொல்ல மாட்டார். புன்னகையோடு வந்து சரிசெய்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். திட்டினால் திருப்பித் திட்டலாம். சிரித்துக்கொண்டே சரிசெய்கிறவரை என்ன செய்வது? அக்காவோ வாயைத் திறக்கிற ரகம் இல்லை. பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பில் உட்கார்ந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு நாள் முழுக்க டோக்கன் கொடுப்பவள். வீட்டுக்கு வரும்போது பேச்சில் மிச்சம் இருக்காது. கோபம் வந்தால் அவளுக்குப் பதில் பாத்திரங்கள் பேசும்.

இப்படியே இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. பிறகு அந்த ஆணி விவகாரம் வந்தது.

கதவுக்குப் பக்கத்தில் அக்கா தன் கையாலேயே ஓர் ஆணி அடித்திருந்தாள், வேலை முடிந்து வந்ததும் கைப்பையை மாட்ட. ஒரு வியாழக்கிழமை காலையில் அத்தான் அதைப் பிடுங்கி, சுவிட்ச் போர்டின் மேல்விளிம்புக்கு நேராக நாலு விரற்கடை தள்ளி அடித்தார். பழைய ஓட்டையை வெள்ளைச் சிமெண்டால் மூடி, ஓட்டை இருந்ததே தெரியாதபடி தேய்த்தும் விட்டார். என்னிடம் சொல்லியிருந்தால் நானே அடித்திருப்பேனே என்று அன்பாக வேறு சொன்னார். அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

மாலையில் நல்ல மழை. வழக்கம்போல் அத்தான் அவளைக் கூட்டிவரக் காரில் போயிருந்தார். எங்களுடையது சின்ன வெள்ளைக் கார். ஆஸ்பத்திரி வாசலில் பத்துக் கார் நின்றால் ஏழு வெள்ளையாக இருக்கும், அதில் மூன்றாவது எங்கள் காரின் அச்சாக இருக்கும். அக்கா கைப்பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடினாள், முன்கதவைத் திறந்தாள், உட்கார்ந்தாள், பெல்ட் போட்டாள், கண்ணாடியில் வழிகிற தண்ணீரைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக, முழுசாக எட்டு நிமிடம். பக்கத்திலிருந்தவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே அவளுக்குத் தெம்பாக இருந்ததாம். கடைசியில் அழுகை வந்துவிட்டது. ஸ்டீயரிங் பக்கத்திலிருந்து ஒரு கை கைக்குட்டையை நீட்டியது. அந்தக் கையில் கடிகாரம் இருந்தது. சிமெண்டு ஒட்டும் என்று அத்தான் கடிகாரமே கட்டுவதில்லை.

"நீங்க சொன்னதெல்லாம் நியாயம்தாம்மா," என்றார் அந்த ஆள். "ஆனா அது நான் இல்லைங்க."

பல்வலி வந்த மனைவியை உள்ளே அனுப்பிவிட்டுக் காத்திருந்த பாவப்பட்ட மனிதர். அக்கா இறங்கி, நனைந்துகொண்டே நடந்து, இரண்டு கார் தள்ளி நின்ற எங்கள் காரின் பின்சீட்டில் போய் உட்கார்ந்தாள். மனைவி யாரோ ஒருவரின் காரிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்குவதை அத்தான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். கார் மாறிப்போச்சு என்பதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அந்த மனிதர் கிளம்பும்போது எங்கள் காருக்குப் பக்கத்தில் வந்து, கண்ணாடியை இறக்கி, "சார், வீட்ல கொஞ்சம் பாத்து நடந்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அத்தானுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தன் மனைவியின் மனதில் என்ன இருக்கிறது என்று முன்பின் தெரியாத ஒருவருக்குத் தெரியும், தனக்குத் தெரியாது. கேட்டுப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். ஒரு தடவை வந்தது இன்னொரு தடவை வராது என்று அக்கா சொல்லிவிட்டாள். எது நம்முடைய கார் என்று தூரத்திலிருந்தே தெரிந்தால்தான் இனி அதில் ஏறுவேன், அதுவரை பஸ் என்றும் சொன்னாள். சொன்னபடியே மூன்று வாரம் பஸ்ஸில் போய்வந்தாள்.

காரில் என்ன பேசினாள் என்று அவள் என்னிடமும் சொல்லவில்லை. அத்தான் தினமும் மாடிப்படியில் நின்று, "உன்கிட்டயாவது சொன்னாளா டீச்சர்?" என்று கேட்பார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், அதனால் வீட்டிலும் டீச்சர்தான். ஒருநாள் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அவளுக்கு முன்சீட்டில் உட்கார்ந்தால்தான் பேச வருகிறது. எனவே அவளை முன்சீட்டில் உட்காரவைக்க வேண்டும். அதற்குக் கார் அடையாளம் தெரிய வேண்டும். எனவே காரின் இரண்டு பக்கமும், முகப்பிலிருந்து வால்வரை, நீல நிறத்தில் பட்டைக்கோடு ஒட்ட வேண்டும். வரிசையாகத்தான் யோசித்திருந்தார், என்னால் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஸ்டிக்கர் கடையில் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் ஒட்டித் தந்துவிடுவார்கள். ஆனால் வேறொருவர் போட்ட கோட்டை நம்பி இவர் எப்படி வெளியே போவார்? வினைல் சுருளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார். கடைக்காரர் நல்லவர், காரின் உடம்பிலேயே ஓடுகிற மடிப்பைப் பார்த்து அதை ஒட்டியே போங்கள், தப்பாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். கார் கம்பெனிக்காரன் போட்ட மடிப்பு நேர் என்று இவருக்கு யார் சொன்னது என்று அத்தான் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு என்னைக் கீழே கூப்பிட்டார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டுத் தொலைத்தேன். கார், வீட்டின் முன்தளத்தில், மூக்கு வீட்டைப் பார்க்க, வால் கேட்டைப் பார்க்க நின்றது. அந்தத் தளத்துக்கு டைல்ஸ் போட்டதே அத்தான்தான். காரைக் கழுவிய தண்ணீர் நுரையோடு ஓடிப்போய்க் கேட்டுக்கு வெளியே விழுந்தது. அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதை ரசித்தார். அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வைத்துப் போட்டது, ஒரு சொட்டு நிற்கிறதா பார் என்றார். தண்ணீர் ஓடுவதற்காகத் தளத்தை வேண்டுமென்றே சரிக்கிற சரிவைத்தான் வாட்டம் என்பார்கள். நிற்கவில்லை என்று நானும் பாராட்டினேன்.

இது நடந்தது எட்டு மணிக்கு. எட்டரைக்கு ரசமட்டத்தை எடுத்துக் காரின் மடிப்பில் வைத்தார். குமிழி ஒரே ஓட்டமாக ஓரத்துக்குப் போனது. மறுபக்கம் போய் வைத்தார், அங்கேயும் அதே கதை. அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்திருக்கிறேன், யாராவது ஒட்டிய டைல்ஸில் தப்புக் கிடைத்தால் வருகிற சந்தோஷம் அது. முன்னுக்கும் பின்னுக்கும் மூன்று அங்குலம் வித்தியாசம். ஏழு வருடமாகக் கோணல் வண்டியில் போய்க்கொண்டிருந்திருக்கிறோம், ஒருத்தருக்கும் தெரியவில்லை, கம்பெனியிலேயே தப்பு என்றார். எட்டாம் வகுப்புக்கு இருபது வருடமாகக் கோணம் சொல்லித் தருகிற நான், இவ்வளவு பெரிய கம்பெனி இப்படிச் செய்யலாமா என்று அவரோடு சேர்ந்து அங்கலாய்த்தேன். என் படிப்பைக் கொண்டுபோய்க் குப்பையில் போட வேண்டும்.

கோணல் வண்டியில் நேர்க்கோடு போட வேண்டிய பொறுப்பு வந்துவிட்டது. அத்தான் நூலில் நீலப் பொடி தடவினார். ஒரு முனையை நான் முன்விளக்குப் பக்கம் பிடிக்க, மறுமுனையை அவர் பின்விளக்குப் பக்கம் பிடித்து, ரசமட்டம் சொன்னபடி ஏற்றி இறக்கி, சுண்டிவிட்டார். கதவில் மெல்லிசாக நீலக்கோடு விழுந்தது. பிறகு சோப்புத் தண்ணீரைத் தெளித்தோம். பின்காகிதத்தை உரித்து வினைலை ஈரத்தின்மேல் வைத்தால் கொஞ்ச நேரம் வழுக்கும், அதற்குள் நகர்த்தி நேராக்கி, ரப்பர் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். சொல்வதற்குச் சுலபம். முதல் துண்டு பாதி கதவிலும் பாதி அத்தானின் முன்கையிலும் ஒட்டியது. கையிலிருந்து பிய்த்தபோது முடியெல்லாம் அதோடு வந்துவிட்டது. இரண்டாவது துண்டில் என் பின்னல் ஒட்டிக்கொண்டது. கத்தரிக்கோல் எடுக்கட்டுமா என்று கேட்டார், எதை வெட்ட என்று சொல்லவில்லை.

எதிர்வீட்டுக்காரர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, கைப்பிடி பக்கம் குமிழ் இருக்கிறது, டயர் பக்கம் குமிழ் இருக்கிறது என்று மேற்பார்வை பார்த்தார். குமிழ்களை ஊசியால் குத்தி, என்னுடைய ஹேர் டிரையரால் சூடுகாட்டி அமுக்கினோம். மூன்றாவது கதவில் ஹேர் டிரையர் புகை விட்டுச் செத்துப்போனது. இதுவரை அதைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, போகட்டும்.

மாலை நாலு மணிக்கு வேலை முடிந்தது. அத்தான் கோட்டின்மேல் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் வந்து நின்றது. அக்காவைக் கூப்பிட்டார். அவள் ஈரக்கையோடு வாசற்படியில் வந்து நின்று இரண்டு நீலக்கோட்டையும் பார்த்தாள். "நேரா இருக்கு" என்றாள். அடுத்த நாள் மாலை கூட்டிப்போக வரச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அத்தான் அதையே பிடித்துக்கொண்டு, வரச் சொல்லிவிட்டாள், வரச் சொல்லிவிட்டாள் என்று என்னிடம் நாலு தடவை சொன்னார்.

திங்கட்கிழமை சாயங்காலம் என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி சவரம் செய்திருந்தார். காரை வெளியே எடுத்ததுமே எதிர்வீட்டு டிரைவர் கையைக் காட்டி, முன் டயரில் காற்று இல்லை என்றார். காற்றுப் பிடிக்கிற இடத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் இரண்டு முன் டயரையும் அளந்து பார்த்து, காற்று சரியாகத்தான் இருக்கிறது என்றார். தள்ளி நின்று பார்த்தார், திரும்ப வந்து அளந்தார். சிக்னலில் பக்கத்தில் பைக்கில் நின்றவர், முன்பக்க ஸ்பிரிங் போய்விட்டது, சீக்கிரம் பாருங்கள் என்று அக்கறையாகச் சொன்னார். நேற்றுவரை யாரும் திரும்பிப் பார்க்காத கார், இன்று எல்லார் கண்ணிலும் படுகிறது என்று அத்தானுக்கு ஒரே பெருமை.

ஆஸ்பத்திரி வாசல் நல்ல சமதரை. நிறுத்திவிட்டு இறங்கினோம். நான் ரோட்டைக் கடந்துபோய் நின்று திரும்பிப் பார்த்தேன். வரிசையாக நின்ற வெள்ளைக் கார்களுக்கு நடுவில் எங்கள் கார் மட்டும், கீழே எதையோ தொலைத்துவிட்டுக் குனிந்து தேடுகிற மாதிரி நின்றது. கோடு வாலில் உயரமாகத் தொடங்கி மூக்குக்கு வரும்போது மூன்று அங்குலம் இறங்கியிருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அத்தானும் ஓடிவந்து பார்த்தார்.

முதலில் ரசமட்டத்தைக் கோட்டின்மேல் வைத்தார். குமிழி ஓரத்துக்கு ஓடியது. பிறகு மடிப்பின்மேல் வைத்தார். குமிழி நடுவில் நின்றது. பிறகு குனிந்து ரோட்டில் வைத்தார். அங்கேயும் நடுவில் நின்றது. அப்படியே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"வாட்டம்," என்றார். "நான் போட்ட வாட்டம், டீச்சர்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. இருபத்தாறு வருடத்தில் அவர் போட்ட முதல் கோணல், அதுவும் பன்னிரண்டு அடி நீளத்தில், இரண்டு பக்கமும், நீல நிறத்தில். மணி ஆறாக ஐந்து நிமிடம் இருந்தது. சட்டென்று எழுந்துபோய் முன்விளக்குப் பக்கம் நகத்தால் உரிக்க ஆரம்பித்தார். உரித்துவிட்டால் அக்கா எதைப் பார்த்து வருவாள் என்று கேட்டேன். கையை நிறுத்தினார். இதை ஒட்டிக்கொண்டு நின்றால் அவள் என்ன நினைப்பாள் என்று கேட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் உரித்தார். மறுபடி நிறுத்தினார். இப்படி ஒரு சாண் நீளம் உரிந்து நாக்குப் போலத் தொங்கும்போது ஆஸ்பத்திரிக் கதவு திறந்தது.

அக்கா படியில் நின்று இடமிருந்து வலமாகப் பார்த்தாள். எங்கள் காரில் கண் நின்றது. தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக வந்து, முன்கதவைத் திறந்து உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். நான் சத்தம் போடாமல் பின்சீட்டில் ஏறினேன்.

அத்தான் வண்டியை எடுக்கும்போதே, நாளைக்கே உரித்துவிட்டுச் சரியாக ஒட்டிவிடுகிறேன் என்று ஆரம்பித்தார். முழுக்கச் சொல்லி முடிக்கவில்லை.

"அந்த ஆள்கிட்ட என்ன சொன்னேன்னு கேட்டீங்கல்ல," என்றாள் அக்கா, ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "துண்டு, தட்டு, செருப்பு, ஆணி, நான் வச்சது ஒண்ணுகூட வச்ச மாதிரி இருந்ததில்லைன்னு சொன்னேன். நாளைக்கு நான் இல்லாமப் போனாலும் அந்த வீட்டைப் பாத்தா தெரியாதுங்க. இப்பவே அதுல என் கை பட்ட இடம்னு ஒண்ணு கிடையாது. உங்களுக்குச் சரிபண்ண வேலை இருக்காது, அவ்வளவுதான். இதைத்தான் சொன்னேன்."

எட்டு நிமிடம் ஆகவில்லை, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கீழ்வீட்டிலேயே இருக்கிறாள், தினம் என் பாத்திரத்தில் குழம்பு ஊற்றித் தருகிறாள், நானும் ஒருநாள்கூடக் கேட்கவில்லையே என்று என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. வீட்டுத் தெருவில் திரும்பும்போது, கோட்டை உரிக்கட்டுமா என்று அத்தான் மெதுவாகக் கேட்டார். இருக்கட்டும், அதைப் பார்த்துத்தான் வந்தேன் என்றாள் அக்கா. இறங்கியதும் முன்விளக்குப் பக்கம் போய், தொங்கிக்கொண்டிருந்த ஒரு சாண் துண்டைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். சுருக்கம் சுருக்கமாக, உள்ளே மூன்று குமிழோடு ஒட்டிக்கொண்டது. அத்தான் இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் நான் கீழே வந்தபோது, ஆணி பழைய இடத்தில் இருந்தது. சுவிட்ச் போர்டுக்கு நேராக இவர் அடித்த இடத்தில் ஓட்டை மூடப்படாமல் அப்படியே இருந்தது. ஆணியில் கைப்பை தொங்கியது.

உடனே திருந்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அடுத்த வாரம் முழுக்க, மூன்று அங்குலத்துக்குச் சரிவான ரோடு எங்கே இருக்கிறது என்று தேடி, அங்கே காரை நிறுத்தினார். அங்கே நிறுத்தினால் கோடு மட்டமாகத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தெரு தள்ளி அப்படி ஓர் இடம் கண்டுபிடித்து, அக்காவை அங்கே நடந்து வரச் சொன்னார். அவள் ஒரே ஒரு நாள் நடந்தாள். அடுத்த நாள் வாசல் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். இவர் சமதரைக்கு வந்துதான் ஆக வேண்டியிருந்தது. வேலையிடத்தில் கொத்தனார்கள் கார் பக்கத்தில் நின்று தலையைச் சாய்த்து நிற்பதாகவும், இவர் வந்தால் நிமிர்ந்துகொள்வதாகவும் கேள்வி.

பல்வலிக்காரியின் கணவரை நான் பார்த்தது அதற்குப் பிறகுதான். பல் வேலை ஒருநாளில் முடிகிறதா என்ன, மனைவியைத் திரும்பக் கூட்டிவந்திருந்தார். நானும் அத்தானும் அக்காவுக்காகக் காத்துக்கொண்டு காருக்கு வெளியே நின்றோம். அவர் தன் வெள்ளைக் காரிலிருந்து இறங்கி வந்து, அத்தானை அடையாளம் கண்டு, கொஞ்சம் தயங்கி, காரைச் சுற்றிப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். கோடு கோணலா இருக்கே."

அத்தானின் கை சட்டைப் பைக்குப் போனது. போய் அங்கேயே நின்றது. ரசமட்டத்தை எடுக்கவில்லை.

"தெரியும் சார்," என்றார். "இருக்கட்டும்."

அதற்குள் அக்கா படியிறங்கி வந்துவிட்டாள். அந்த மனிதரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, முன்கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.